எண்பத்தியொன்று: வேண்டாம்

ஜனவரி. மைனாட்டில்
சுழியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
கொல்லையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது கேம்பர் வண்டி,
குழாய்களில் ரோஸ் நிறத் திரவம் குடித்து
உறையாமல் உறங்குகிறது.
அடுப்படி மேசையில் நான்
ஜூலையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முன்பதிவுப் படிவம் கேட்டது: வண்டியின் நீளம்?
கையேட்டை நம்பாதே என்று
காதுமூடித் தொப்பியோடு இறங்கினான் ஓரின்.
முழங்கால் பனி. டேப்பின் ஒரு முனை என்னிடம்.
முன் பம்பரிலிருந்து ஏணிவரை,
ஏணியிலிருந்து சைக்கிள் மாட்டும் கம்பிவரை.
"ஆர்லிஸ், இழுத்துப் பிடி!"
இழுத்துப் பிடித்தேன்.
இருபத்தாறு அடி, பதினொரு அங்குலம்.
இருபத்தேழைத் தாண்டினால் இடமில்லை என்கிறார்கள்.
அறுபத்தெட்டு வயது ஆள் பனியில் குதித்ததை
பக்கத்து வீட்டு நாய் மட்டும் பார்த்தது.

கிளேசியர் பூங்காவின் வரைபடம்
வண்டியின் முன்பெட்டியில் இருந்தது.
மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டி,
ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.
என்னுடையதல்ல.
லவோன் எழுதியது.
அவள் போய் ஆறு வருடம், நான் வந்து மூன்று.
திரைச்சீலையை மாற்றினேன். மெத்தையை மாற்றினேன்.
வரைபடம் என் கண்ணில் படவே இல்லை, நேற்றுவரை.

ஹாவரில் பெட்ரோல் போடு, அப்புறம் பார்க்கலாம் என்னாதே.
பிரௌனிங் பக்கம் காற்று. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
உச்சிச் சாலைக்கு வண்டி நீளம், விடமாட்டார்கள்.
பஸ் பிடி. ஏறும்போது வலப்பக்க ஜன்னல்.
பயமாக இருந்தால் இடது.
கரடி ஸ்பிரேயைப் பைக்குள் வைக்காதே,
நீ ஜிப்பைத் திறக்கும்வரை அது நிற்காது.

சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
ஓரின் எட்டிப் பார்த்தான்,
கையில் இருந்ததைப் பார்த்தான்,
காப்பி போடப் போய்விட்டான்.

பின்பக்கத்தில் முகாமின் எண்கள்.
பன்னிரண்டு: நிழல்.
நாற்பது: மேற்குக் காற்றடித்தால் கழிப்பறை வாடை.
ஐம்பத்தைந்து: ஓடைச் சத்தம், ஓ. தூங்குவான்.
எண்பத்தியொன்று: வேண்டாம்.

வேண்டாமுக்குக் கீழே மூன்று கோடு.
மூன்றாவதில் காகிதம் கொஞ்சம் கிழிந்திருந்தது.
எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியவள்
இதற்கு எழுதவில்லை.

"ஏன்?" என்றேன்.
"நினைவில்லை" என்றான்.
அவன் நினைவில்லை என்பதில் இரண்டு வகை உண்டு.
இது எது என்று
முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

காலை. மலைநேரம் எட்டு, எங்களுக்கு ஒன்பது.
வெளியே இப்போதுதான் விடிந்திருந்தது.
நான் கணினியில், அவன் செல்போனில்,
பந்தயக் குதிரைகள் மாதிரி மூச்சைப் பிடித்தபடி.
ஐம்பத்தைந்து, நான் தொட்டபோதே போயிருந்தது.
பன்னிரண்டு போயிற்று.
வாடையடிக்கும் நாற்பதுக்கும்
யாரோ ஒரு மகராசன் முந்திக்கொண்டான்.
இரண்டு நிமிடத்தில் பக்கம் முழுக்கச் சாம்பல்,
ஒரே ஒரு பச்சைக் கட்டம்.
உங்களுக்காகப் பதினைந்து நிமிடம் பிடித்துவைத்திருக்கிறோம்
என்றது திரை.

பதினான்கு நிமிடம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓரின் எதுவும் சொல்லவில்லை.
பிறகு தன் பர்ஸைத் திறந்து
அட்டையை என் பக்கமாக நகர்த்தினான்.

பாறையோ, எறும்போ,
பக்கத்து ஆளின் ஜெனரேட்டரோ,
இல்லை, அந்த இடத்தில் ஒரு ராத்திரி
அவர்கள் பேசிக்கொண்ட, எனக்குச் சேராத எதுவோ.
ஜூலையில் தெரியலாம். தெரியாமலும் போகலாம்.
மூன்று கோட்டுக்கும் கீழே
இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது.
பென்சிலைச் சீவி மடிப்புக்குள் வைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஓரின்
தார்ப்பாய் மேலிருந்த பனியை
துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறான்,
நாளைக்கே கிளம்புகிறவனைப் போல.